காமா பயில்வான்: தோற்காதவரின் கடைசிக் காலம்

முகநூலில் வருடத்துக்கு ஒரு முறையாவது காமா பயில்வானின் படம் சுற்றி வரும். அகன்ற மார்பு, முறுக்கிய மீசை, தோளில் கதாயுதம். ஐயாயிரம் போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர், 1200 கிலோ கல்லைத் தூக்கியவர், தினமும் பத்து லீற்றர் பால் குடித்தவர், வெள்ளைக்காரனை மண் கவ்வச் செய்த முஸ்லிம் சிங்கம் என்றெல்லாம் கீழே எழுதியிருப்பார்கள். அதற்கும் கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். கடந்த மாதம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுமம் ஒன்றிலும் அது வந்து சேர்ந்தது.

இந்தப் பதிவுகள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மைதான். என் மனக்குறை அவை எங்கே நிறுத்துகின்றன என்பதில்தான். லண்டனில் அவர் வென்றதோடு கதையை முடித்து விடுகிறார்கள். அந்த உடம்பை வளர்க்க யார் செலவு செய்தார்கள், 1947இல் அவர் என்ன செய்தார், கடைசிக் காலத்தில் அவருக்கு யார் கை கொடுத்தார்கள் என்பதைச் சொல்வாரில்லை. காமாவை நமது சமூகத்தின் பெருமை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சொல்வதென்றால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

அவரது இயற்பெயர் குலாம் முஹம்மத் பக்ஷ் பட். 1878ஆம் ஆண்டு பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் ஜப்போவால் என்ற கிராமத்தில் பிறந்தார். கஷ்மீரைப் பூர்வீகமாகக் கொண்ட முஸ்லிம் குடும்பம். மல்யுத்தம் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். வாப்பா முஹம்மத் அஸீஸ் பக்ஷ் வபாத்தானபோது காமாவுக்கு வயது ஆறு. பாட்டனார் நூன் பயில்வான் பொறுப்பேற்றார். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு மாமா ஈதா பயில்வான் எடுத்து வளர்த்து, தொழிலையும் கற்றுக் கொடுத்தார். ஒரு யத்தீம் பிள்ளையின் வாழ்க்கைதான் அது. ஆனால் கைவிடப்பட்ட யத்தீம் அல்ல.

பத்து வயதில் அவரது பெயர் முதன்முதலாக வெளியே தெரிந்தது. 1888இல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். மல்யுத்தம் அல்ல, உட்கார்ந்தெழும் பயிற்சி. நாடெங்கிலுமிருந்து வந்த நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழ வேண்டும். யார் கடைசி வரை தாக்குப் பிடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரிய பெரிய ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்து, கடைசிப் பதினைந்து பேரில் ஒருவராக இந்தப் பையனும் நின்றான். வயதைப் பார்த்த மகாராஜா அவனையே வெற்றியாளன் என்று அறிவித்தார். அதன் பிறகு ததியா சமஸ்தானத்து மகாராஜா அவனைத் தன் ஆதரவில் எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு வழி செய்தார்.

இந்த இடத்தைச் சற்று விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பயில்வான் உருவாவதற்குத் திறமை மட்டும் போதாது. பால், நெய், பாதாம், இறைச்சி, பழம் என்று ஒரு நாளைக்கு அவன் சாப்பிடுவதை ஒரு சாதாரணக் குடும்பம் ஒரு வாரத்துக்கும் வாங்க முடியாது. அவனோடு மோதிப் பழக ஆட்கள் வேண்டும். உடம்பைப் பிடித்து விட ஆள் வேண்டும். வேறு தொழிலுக்குப் போகாமல் இருக்கவும் வேண்டும். இதையெல்லாம் தாங்கியவை அன்றைய சமஸ்தானங்கள்தான். குதிரை, யானை வளர்ப்பது போல அரசர்கள் பயில்வான்களையும் வளர்த்தார்கள், ஒருவரோடொருவர் போட்டி போட்டுக்கொண்டு. காமாவின் பாலுக்கும் பாதாமுக்கும் பணம் கொடுத்தவர் ஓர் இந்து அரசர். பின்னாளில் அவரைத் தாங்கியவர் பட்டியாலாவின் சீக்கிய மகாராஜா. இதை அந்த முகநூல் பதிவுகளில் நான் ஒரு தடவையும் கண்டதில்லை.

பயிற்சியின் அளவு நம்ப முடியாதது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் முறை உட்கார்ந்தெழுவது, மூவாயிரம் தண்டால், அதற்கு மேல் நாற்பது பேரோடு மண் களத்தில் மோதுவது. இவை அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் தரும் கணக்குகள். உட்கார்ந்தெழும்போது பாரம் போதவில்லை என்று நடுவில் துளையிட்ட ஒரு கல் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். 95 கிலோ எடையுள்ள அந்த வளையம் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பல வருடங்களுக்குப் பிறகு புரூஸ் லீ அவரது பயிற்சி முறையைப் படித்துத் தனது பயிற்சியில் சேர்த்துக்கொண்டார் என்பது பலருக்குத் தெரிந்ததுதான்.

பரோடாக் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1902இல் பரோடாவில் நடந்த ஒரு போட்டியின்போது 1200 கிலோ எடையுள்ள கல்லை அவர் தூக்கி நடந்ததாகச் சொல்கிறார்கள். கல் பரோடா அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பொறித்த எழுத்தும் அதில் உண்டு. எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. உலகப் பலசாலிப் போட்டிகளில் தரையிலிருந்து 500 கிலோவை ஒரு மனிதன் தூக்கியதே 2016இல்தான். பிரித்தானியாவின் எடி ஹோல் அதைச் செய்தபோது மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பாரத்தை, பிடிப்பதற்கு வாகில்லாத ஒரு கல்லை, நெஞ்சு வரை தூக்கி நடப்பது என்பது மனித எலும்புக்கு மிஞ்சிய காரியம். காமா ஏதோ ஒரு பெருங்கல்லை அசைத்திருப்பார். பார்த்தவர்கள் மலைத்திருப்பார்கள். பிறகு எடை வளர்ந்திருக்கும். ஐயாயிரம் போட்டிகள் என்ற கணக்கும் இப்படித்தான், யாரும் உட்கார்ந்து எண்ணியதில்லை. அவருடைய உண்மையான சாதனைகளே போதுமானவை. நாம் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

அவரைக் கடைசி வரை அசைத்துப் பார்த்த ஒருவர் உண்டு. ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. அவரும் கஷ்மீரி வம்சத்தவர். ஏறக்குறைய ஏழடி உயரம். அந்நாளில் இந்தியாவின் முதல் பயில்வான். காமாவோ ஐந்தடி ஏழங்குலத்துக்குச் சற்றுக் கூட. 17 வயதில் காமா அவரை மோதலுக்கு அழைத்தார். சனம் சிரித்திருக்கும். ஆனால் மணித்தியாலக் கணக்கில் நீண்ட அந்த மோதல் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிய வடிய அந்தப் பையன் நின்றதாகச் சொல்கிறார்கள். 1910ஆம் ஆண்டளவில் இந்தியாவின் பெயர் பெற்ற பயில்வான்களில் சுல்தானிவாலா ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் காமா வென்றிருந்தார்.

அந்த வருடம்தான் லண்டன் பயணம். ஆர். பி. பெஞ்சமின் என்ற ஆங்கிலேய ஏற்பாட்டாளர் அழைத்துப் போனார். செலவைப் பொறுப்பேற்றவர் வங்காளத்துச் செல்வந்தர் சரத் குமார் மித்ரா. தம்பி இமாம் பக்ஷும் கூடப் போனார். போய் இறங்கியதும் காமாவின் உயரத்தைப் பார்த்துவிட்டு உலகப் போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. எந்த எடையானாலும் சரி, எந்த மூன்று மல்லர்களையும் அரை மணித்தியாலத்துக்குள் வீழ்த்துவேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். முதலில் அதை ஏமாற்று வேலை என்று நினைத்து யாரும் வரவில்லை. உலகப் புகழ் பெற்ற ஹக்கன்ஷ்மித்தையும் பிராங் கொட்ச்சையும் பெயர் சொல்லியே அழைத்தார். அவர்களும் வரவில்லை. கடைசியில் வந்தவர் பெஞ்சமின் ரோலர் என்ற அமெரிக்கர், தொழிலால் வைத்தியர். முதல் முறை 1 நிமிடம் 40 விநாடியிலும் இரண்டாம் முறை 9 நிமிடம் 10 விநாடியிலும் அவரது முதுகு தரையில் பட்டது. அதற்குப் பிறகு போட்டிக் கதவு தானாகத் திறந்தது.

1910 செப்டம்பர் 10இல் நடந்த இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. காமாவை விட வெகு பாரமானவர், தேர்ந்த மல்லர். பரிசு 250 பவுணும் ஜோன் புல் பட்டியும். தொடங்கிய முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்து விட்டார். ஆனால் விழுந்த ஸ்பிஷ்கோ எழுந்திருக்கவில்லை. கைகளையும் முழங்கால்களையும் விரிப்பில் ஊன்றி ஆமையைப் போல் கிடந்தார். இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேல் அப்படியே. ஐரோப்பிய விதிப்படி எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தினால்தான் வெற்றி. அத்தனை பாரத்தோடு குப்புறக் கிடப்பவரைப் புரட்டுவது இலேசான காரியமில்லை. போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. பார்வையாளர்களே ஸ்பிஷ்கோவை வெறுத்துப் போனார்கள். ஒரு வாரத்தில், 17ஆம் திகதி, மறுபடி மோதுவதென்று ஏற்பாடு. அன்று ஸ்பிஷ்கோ வரவேயில்லை. பட்டி காமாவுக்குப் போனது. ருஸ்தமே ஸமான், அதாவது உலகின் ருஸ்தம் என்ற பட்டத்துடன் ஊர் திரும்பினார். தம்பி இமாம் பக்ஷும் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் ஜோன் லெம்மை அவர் வீழ்த்தியிருந்தார்.

அன்று இந்தியா அடிமை நாடு. இந்தியர்கள் பலவீனமான இனம், ஆளப் பிறந்தவர்கள் அல்லர் என்று ஆட்சியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் ஆளும் நாட்டின் தலைநகரிலேயே ஒருவர் போய் நின்று, யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டு, வந்தவரைத் தூக்கிப் போட்டார் என்ற செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சாபில் மட்டுமல்ல, கல்கத்தாவிலும் அலகாபாத்திலும் இந்துக்களும் சீக்கியர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே அதைத் தமது வெற்றியாகக் கொண்டாடினார்கள். பயணச் செலவைக் கொடுத்த மித்ரா ஒரு முஸ்லிமை அனுப்புகிறோம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. தன் நாட்டவன் ஒருவனை அனுப்புவதாகவே நினைத்திருப்பார். காமாவும் அப்படித்தான் போனார் என்பது என் எண்ணம்.

திரும்பி வந்ததும் அலகாபாத்தில் சுல்தானிவாலாவுடன் மறுபடியும் மோதினார். நீண்ட மோதலுக்குப் பின் இம்முறை வெற்றி கிடைத்தது. ருஸ்தமே ஹிந்த் பட்டமும் சேர்ந்தது. பிற்காலத்தில், நீங்கள் சந்தித்தவர்களில் யார் வலியவர் என்று கேட்டவர்களுக்கு அவர் ஸ்பிஷ்கோவின் பெயரைச் சொல்லவில்லை, ரஹீம் பக்ஷின் பெயரைத்தான் சொன்னார். 1922இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் வெள்ளிக் கதாயுதம் ஒன்றை அன்பளிப்புச் செய்தார்.

18 வருடங்கள் கழித்து ஸ்பிஷ்கோ இந்தியாவுக்கே வந்தார். 1928 ஜனவரியில் பட்டியாலாவில் மகாராஜா பூபிந்தர் சிங் ஏற்பாடு செய்த போட்டி. பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். இருவருமே ஐம்பதை நெருங்கியவர்கள். இம்முறை விரிப்பு இல்லை, மண் களம். விதியும் நம் பக்கத்து விதி. முதுகு மண்ணில் பட்டால் தீர்ந்தது. குப்புறப் படுத்து நேரத்தைக் கடத்த இடமில்லை. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணில். லண்டனில் இரண்டரை மணித்தியாலம் முடியாத கணக்கு அங்கே சில விநாடிகளில் தீர்ந்தது. அடுத்த வருடம் ஜெஸி பீட்டர்சன் என்பவர் வந்தார். அவரும் ஓரிரு நிமிடத்தில் முடிந்தார். அதற்குப் பிறகு அவரோடு மோதத் துணிந்தவர்கள் அநேகமாக இல்லை. மோத ஆளில்லாமல் போவது பயில்வானுக்குப் பெருமைதான், வருமானத்துக்கு அல்ல.

வீட்டிலும் அல்லாஹ் அவரைச் சோதித்தான். ஐந்து ஆண் மக்கள் பிறந்தார்கள், ஒருவர் கூட அவருக்குப் பின் தொழிலைத் தொடர மிஞ்சவில்லை. எல்லோரும் இளம் வயதிலேயே மௌத்தாகிப் போனார்கள். தன் வித்தையைத் தம்பி இமாம் பக்ஷின் பிள்ளைகளுக்கே கொடுத்தார். போலு சகோதரர்கள் என்று பாகிஸ்தானில் புகழ் பெற்றவர்கள் அவர்கள்தான். அவர்களில் அக்ரமை 1976இல் கராச்சியில் வென்ற ஜப்பானியர் அந்தோனியோ இனோகி பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது ஒரு தனிக் கதை. காமாவின் மகள் வழிப் பேத்தியான குல்ஸூம், நவாஸ் ஷரீபின் மனைவியானார்.

1947. பஞ்சாப் இரண்டாகக் கிழிந்த வருடம். ரயில் நிறைய மையித்துகள் வந்த வருடம். காமா பாகிஸ்தான் பக்கம் வந்து லாகூரில் மோஹ்னி வீதியில் குடியிருந்தார். அந்த வீதியில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. லாகூரில் இந்துக்களின் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. மறுபக்கம் அமிர்தசரஸில் முஸ்லிம்களின் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அமிர்தசரஸ் அவர் பிறந்த மாவட்டம். பழிவாங்க வேண்டும் என்று நினைப்பவனுக்குக் காரணம் தேடிப் போகத் தேவையில்லாத காலம் அது. எழுபதை எட்டிக்கொண்டிருந்த இந்த மனிதர் தன் அயலவர்கள் மீது ஒரு கை படவும் விடமாட்டேன் என்று நின்றார். கும்பல் வந்தபோது தன் சீடர்களோடு வீதியை மறித்து முன்னால் நின்றவர் அவரே. நிலைமை கைமீறியபோது அந்தக் குடும்பங்களைத் தன் செலவில் உணவுப் பொருட்களும் கொடுத்து எல்லை வரை கூட்டிப் போய்ப் பாதுகாப்பாக அனுப்பி வைத்தார். அவரால் உயிர் தப்பியவர்கள் நூற்றுக்கணக்கில் என்று சொல்கிறார்கள்.

அயலவர் உரிமை பற்றி நாம் ஜும்ஆவுக்கு ஜும்ஆ கேட்கிறோம். அயலவர் வேறு மதத்தவராக இருக்கும்போது, அதுவும் அவர் மதத்தவர்கள் நம்மவர்களை மறுபக்கம் கொன்றுகொண்டிருக்கும்போது அந்த உரிமை என்னவாகிறது என்பது வேறு பரீட்சை. இந்த நாட்டில் நாமும் அந்தப் பரீட்சையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள். நம் வீடுகளுக்குக் கும்பல் வந்த நாட்களில் எந்த அயலவர் வாசலில் வந்து நின்றார், எவர் கதவைச் சாத்தினார் என்று நம் ஒவ்வோர் ஊருக்கும் தெரியும். அதனால்தான் காமாவின் வாழ்க்கையில் எனக்கு ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணில் பட்ட அந்தச் சில விநாடிகளை விட மோஹ்னி வீதி பெரிதாகப் படுகிறது. முஸ்லிம் சிங்கம் என்று பதிவு போடுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. அவரை முஸ்லிம் என்று பெருமையாகச் சொல்ல இதை விடச் சிறந்த இடம் வேறெது?

பிறகு வந்தது வறுமை. சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. காமாவைத் தாங்கிய அரண்மனைகள் எல்லாம் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. புதிய பாகிஸ்தானோ இலட்சக்கணக்கான அகதிகளுக்குச் சோறு போட முடியாமல் தவித்த நாடு. ஒரு வயோதிபப் பயில்வானின் பாலும் பாதாமும் எந்த அமைச்சரின் கோப்பில் வரும்? 1952இல் அவர் மல்யுத்தத்திலிருந்து ஓய்வு பெற்றார். நோய்கள் ஒவ்வொன்றாக வந்தன, இதய நோய், ஆஸ்துமா. அரசாங்கம் சிறிது காணி கொடுத்தது, ஆனால் அது போதவில்லை.

நம் ஊர்களிலும் இதைப் பார்க்கிறோம். மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் ஓடிப் பதக்கம் கொண்டுவந்த பையனை ஊர்வலமாகக் கூட்டி வந்து, பொன்னாடை போர்த்திப் படம் பிடித்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து அவன் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பணமில்லாமல் பள்ளிவாசல் கடிதத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவான். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். பதக்கங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர்கள் அவர் வண்டியில் ஏறினாலும் கட்டணத்தைக் குறைத்துக் கேட்கிறார்களாம்.

காமாவின் நிலை எல்லைக்கு அப்பாலும் தெரிய வந்தது. இந்தியாவின் பெரும் தொழிலதிபரும் மல்யுத்தப் பிரியருமான ஜி. டி. பிர்லா 2000 ரூபா அனுப்பி வைத்தார். மாதாமாதம் 300 ரூபா கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். காஷ்மீருக்காக ஒரு யுத்தம் செய்து முடித்து, ஒருவரையொருவர் எதிரி என்று பாடப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருந்த இரண்டு நாடுகள். ஒன்றிலிருந்து ஓர் இந்து, மற்றொன்றிலிருந்த ஒரு முஸ்லிமுக்கு மாதச் செலவு கொடுத்தார். அதற்குப் பிறகு பாகிஸ்தான் அரசாங்கமும் அவருடைய வைத்தியச் செலவைப் பொறுப்பேற்றுக்கொண்டது. 1960 மே 23ஆம் திகதி லாகூரில் காமா பயில்வான் வபாத்தானார். வயது 82.